முத்திரை வைத்த கூண்டில் ஒரு ராஜாளி

காட்டுயிர்ச் சட்டத்தைப் பயிற்சியில் உங்களுக்குப் பிரிவு பிரிவாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதைப் பிடித்தால் குற்றம், எதற்கு என்ன தண்டனை, யார் புகார் கொடுத்தால் கோர்ட் ஏற்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது பாடத்தில் இல்லாத விஷயம். கூட வேலை பார்க்கிறவன் மீது வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது, கையில் சட்டத்தையும் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பது. சிரிக்காதீர்கள். கொஞ்சம் சர்வீஸ் ஏறட்டும், உங்களுக்கும் எரியும்.

நான் புனேயில் வளர்ந்தவன். திருநெல்வேலியிலிருந்து வந்து கட்கியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அப்பாவின் மூத்த பிள்ளை. மகாராஷ்டிர வனத்துறையில் சேர்ந்து, எழுபதுகளின் பின்பாதியில் தளேகாவ் பக்கத்துச் சரகத்துக்கு அதிகாரியாக இருந்தேன். எனக்குப் பக்கத்துச் சரகத்தில் அதே வேலையில் இன்னொரு தமிழன் இருந்தான். கன்டோன்மென்ட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி நான் கேட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவன், அதனால் என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அந்த மரியாதையே எனக்கு ஆகாது. மராத்தியைப் புனேக்காரர்களே அசந்துபோகிற மாதிரி பேசுவான். நான் பேசினால் ஆபீஸ் குமாஸ்தா உதட்டைக் கடித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஜீப் கேட்டு எழுதினோம். என் மனு எங்கேயோ கிடக்க, அவனுக்கு ஜீப் வந்தது. மேலதிகாரி சுற்றுப்பயணம் வந்தால் என் சரகத்தில் வேலையை முடித்துவிட்டு அவன் சரகத்தில் போய் டீ குடிப்பார். போகட்டும், என் மனைவியாவது என் பக்கம் இருக்க வேண்டாமா? ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் கேக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு, “அந்தத் தம்பி இருக்கற எடமே கலகலன்னு இருக்கு, பாத்தீயளா?” என்றாள். நான் அந்தக் கேக்கைத் தொடவில்லை. அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தாள்.

தளேகாவில் எனக்கென்று இருந்த குவார்ட்டர்ஸ் மழைக்கு ஒழுகும். அதனால் கட்கியிலிருந்தே லோக்கல் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த ரயிலில் எங்களுக்கு ஒரு சீட்டுக் கோஷ்டி உண்டு. நாலு பேர் மடிக்குக் குறுக்கே ஒரு பெட்டியை வைத்து ரம்மி ஆடிக்கொண்டு போவோம். ஜன்னலுக்கு வெளியே மலை, வயல், புதிதாக முளைத்த கோழிப்பண்ணைகள் என்று என் சரகத்தில் பாதி ஓடும். நான் ஜோக்கரைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு லோணாவ்லாவுக்குப் போக அதே ரயிலில் ஏறியிருக்கிறான். தளேகாவ் வருவதற்குச் சற்று முன்னால், ஒரு கோழிப்பண்ணையின் நடுவே உயரமான மூங்கில் கம்பம். அதன் உச்சியில் கால் கட்டப்பட்டு ஒரு பெரிய பறவை இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. மற்றப் பறவைகளை விரட்டச் செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடுவது எங்கும் உள்ள வழக்கம். இந்தப் பண்ணைக்காரர் காக்கையோடு நிற்கவில்லை. குஞ்சு தூக்க வந்த ராஜாளியைக் கண்ணி வைத்துப் பிடித்து, உயிரோடு கம்பத்தில் ஏற்றிவிட்டார். ராஜாளி என்றால் மலை முகடுகளில் ஜோடியாக வாழும் பெரிய கழுகு. எழுபத்திரண்டில் வந்த சட்டத்தின் அட்டவணையில் அதற்கு இடம் இருந்தது. பிடிப்பதும் கட்டிவைப்பதும் சிறைக்குப் போகக்கூடிய குற்றம்.

அவன் குடும்பத்தை லோணாவ்லாவுக்கு அனுப்பிவிட்டுத் தளேகாவில் இறங்கியிருக்கிறான். என் ஆபீஸில் இருந்த காவலர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஊர்க்காரர் இரண்டு பேரைப் பஞ்ச சாட்சிகளாக நிறுத்தி, பறவையை இறக்கிக் கைப்பற்றிவிட்டான். நான் அன்றைக்குக் கட்கியில் ஒரு கல்யாணத்தில் ரசத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவல் போஹா தின்றுகொண்டிருக்கிறான்.

“அண்ணே, ட்ரெயின்ல கிடிக்கி பக்கம் உக்காந்திருந்தேன். என்னாடா கம்பத்துல பெருசா ஒண்ணு அடிச்சிக்குதேன்னு பாத்தா, ராஜாளி! உசுரோட! உங்க ஏரியாதான். நீங்க இல்லே. சரி, அண்ணன் சார்பா நாமளே பண்ணிடுவோம்னு பண்ணிட்டேன்.”

அண்ணன் சார்பாக! நான் தினமும் காலையும் மாலையும் கடந்து போகிற கம்பம் அது. அவன் ஒரே ஒரு நாள் உல்லாசப் பயணம் போனான், அவன் கண்ணில் பட்டது. அன்றைக்கு அவனைப் பார்த்து “ரொம்ப நல்ல வேலை” என்று நான் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பின்கட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பறவையைப் பார்த்தேன். பண்ணையிலிருந்தே எடுத்து வந்த கம்பிவலைக் கோழிக்கூண்டில் அது குனிந்து நின்றது. காலில் கயிறு அறுத்த புண். கண் மட்டும் யாருக்கும் அடங்காத மஞ்சள் கண். அப்புறம்தான் கூண்டின் கதவைக் கவனித்தேன், என் மனம் குளிர்ந்தது. கதவைச் சுற்றிச் சணல் கயிறு, கயிற்றின் முடிச்சில் சிவப்பு அரக்கு, அரக்கில் துறையின் பித்தளை முத்திரை.

கைப்பற்றிய பொருளை இங்கே முத்தேமால் என்பார்கள். மான்கொம்பு, தோல், தேன் டப்பா எதுவானாலும் சாட்சிகள் முன்னால் கட்டி அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டில்தான் உடைக்க வேண்டும். நடுவில் உடைந்தால் பொருளை மாற்றிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார். எங்கள் கை இந்தப் பழக்கத்தில் ஊறிப் போயிருந்தது. அவனும் பழக்க தோஷத்தில் உயிருள்ள ஒரு கழுகைப் பூட்டி, தீனி வைக்கிற கதவுக்கு அரக்கு வைத்துவிட்டான். இந்த உலகத்தில் வனத்துறைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

“கதவைத் திறக்காம இதுக்கு எப்படித் தீனி போடறது?” என்று பின்னாலேயே வந்திருந்த அவனிடம் கேட்டேன்.

அவன் போஹா ஸ்பூனோடு நின்றான். “அரே... ஆமா இல்லே?” என்றான். பிறகு உடனே சிரித்துவிட்டு, “ஃபிக்கர் வேணாம் அண்ணே, கம்பி சந்துல போட்டா தின்னும்” என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

அன்று மாலையே மேலதிகாரியின் உத்தரவு வந்தது. கைப்பற்றிய பெருமை அவனுக்கு. இடம் என் சரகம் என்பதால் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வதும், வழக்கு முடியும்வரை பறவையைக் காப்பதும் என் பொறுப்பு. அதாவது மாலை அவனுக்கு, எச்சம் அள்ளுவது எனக்கு. எச்சத்தையும் அள்ள முடியாது, கதவு முத்திரையில் இருக்கிறதே.

மறுநாளிலிருந்து நான் இரண்டு டிபன் டப்பாவோடு ரயில் ஏறினேன். ஒன்றில் எனக்குத் தயிர் சாதம். இன்னொன்றில் என் மனைவி விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்த ஆட்டுக்கறி. “பாவம், வாயில்லாச் சீவன். எலும்பு இல்லாமத்தான் நறுக்கிருக்கேன், பாத்துப் போடுங்க” என்பாள். எனக்கு வாரம் ஒருநாள் கறி, அதற்குத் தினமும். மூங்கில் சிம்பில் குத்திக் கம்பிச் சந்து வழியே நீட்டுவேன். முதலில் சிம்பையே கொத்தியது. பிறகு என்னைப் பார்த்ததும் சந்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கப் பழகியது. அந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு ஒரு கர்வம் வந்தது. இதை அவனால் செய்ய முடியாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பறவை கெட்டுக்கொண்டிருந்தது. கம்பிவலையில் உரசி உரசி வாலிறகின் நுனிகள் ஒடிந்தன. பிறகு இறக்கையின் நீள இறகுகளிலும் ஒன்றிரண்டு மடங்கின. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், “இப்படியே இன்னும் கொஞ்ச காலம் இருந்தால் உயிர் இருக்கும், பறக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வர மாதக் கணக்காகும். பறக்காத ராஜாளியை வைத்துக்கொண்டு யாருக்கு நியாயம் வாங்கப் போகிறோம்?

அதே சாட்சிகளை வைத்து மறு பஞ்சநாமா எழுதிக் கூண்டை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் சாட்சிகள் இரண்டு பேரும் அந்தப் பண்ணையை நம்பிப் பிழைப்பவர்கள். எப்போது சாயலாம் என்று காத்திருக்கும் வேலிக்கால்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டால், திறந்தபோது வேறு பறவை இருந்தது என்று கூடச் சொல்லக்கூடும். அரக்கைத் தொட்டால் வழக்கு போகும். தொடாவிட்டால் பறவை போகும்.

இந்த நேரத்தில்தான் பண்ணைக்காரர் என் ஆபீஸுக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் பண்ணை போட்டவர். “சாஹேப், கழுகுக்குச் சட்டம் இருக்கிறது. என் கோழிக்குச் சட்டம் எங்கே?” என்று மராத்தியில் கேட்டார். கோழிக்கு வலை இருக்கிறது, மேலே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வலைக்கு ஆகிற செலவைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சமரசத் தொகை கட்டிவிடுகிறேன், வழக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்றைக்கு இருக்கிற கடுமை அன்றைக்கு இல்லை. இந்த மாதிரிக் குற்றத்தில், அதிகாரி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துவிடச் சட்டமே வழி வைத்திருந்தது. லஞ்சம் இல்லை, ரசீது போட்டு வாங்குவதுதான். மேலதிகாரியும் போனில், “உன் இஷ்டம். எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். சமரசம் செய்தால் அன்றைக்கே அரக்கை உடைக்கலாம், பறவையை விடலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கருணை என்றுகூடச் சொல்வார்கள். அதோடு இன்னொரு லாபமும் இருந்தது. வழக்கே இல்லை என்றால் அவனுக்குச் சாட்சிக் கூண்டு இல்லை, பத்திரிகை இல்லை, பாராட்டு இல்லை. ஓடும் ரயிலிலிருந்து ராஜாளியைப் பார்த்தவன் கதை ஒரு ரசீதோடு முடிந்து போகும். இதை நினைத்ததும் எனக்குள் ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் என்னை நிறுத்தியது.

இதை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும். ஒரு முடிவு உங்கள் இரக்கத்துக்கும் உங்கள் பொறாமைக்கும் ஒரே நேரத்தில் ருசியாக இருந்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருநாள் தள்ளிப் போடுங்கள். நான் நல்லவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பண்ணைக்காரர் தொகையைக் கட்டிவிட்டு அடுத்த பருவத்தில் அந்த ஜோடியின் இன்னொரு பறவையைக் கம்பத்தில் ஏற்ற மாட்டார் என்று யார் சொல்ல முடியும்? சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொகை என்றால் அது அவர்களுக்குத் தீவனச் செலவில் ஒன்று. கோர்ட் என்றால் பயம்.

முதல் வாய்தா வந்தது. பண்ணைக்காரரின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் கம்பத்தில் கட்டியது சாதாரணப் பருந்து, அட்டவணையில் இல்லாதது, ராஜாளி எங்கிருந்து வந்தது என்று வனத்துறையைத்தான் கேட்க வேண்டும் என்றார். மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டு தேதியைத் தள்ளிப் போட்டார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கோர்ட் முழுக்க ஒரு நாற்றம். ஏதோ தகராறில் கைப்பற்றிய ஒரு கூடை மீனை அன்று காலை கொண்டுவந்திருந்தார்கள். வரிசையில் அந்த வழக்கு எங்கோ கீழே இருந்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “முதலில் அதைக் கூப்பிடுங்கள்” என்றார். கூடையைப் பார்த்தார், என்ன மீன், எவ்வளவு என்று பதிந்துகொண்டார், சாட்சியிடம் இரண்டு கேள்வி கேட்டார், கெடும் பொருள் என்பதால் உடனே அப்புறப்படுத்த உத்தரவு போட்டார். வழக்கு நின்றது, மீன் போயிற்று. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் காலை மிதித்ததாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

மீன் கெடும் என்றால் இறகு கெடாதா? பறவை சாக வேண்டியதில்லை, பறக்கிற சக்தி கெட்டாலே முத்தேமால் கெட்டுப் போன மாதிரிதான். விசாரணைக்குக் காத்திராமல் மாஜிஸ்திரேட் இப்போதே பறவையைப் பார்த்து, மருத்துவரை விசாரித்துப் பதிந்துகொண்டு, விடுவிக்க உத்தரவு போட வேண்டும் என்று மனு எழுத உட்கார்ந்தேன்.

மனுவில் அவசரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? முதல் நகலை நான் எவ்வளவு ஆனந்தமாக எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. கைப்பற்றிய அதிகாரி அனுபவக் குறைவால் உயிருள்ள பறவை இருக்கும் கூண்டின் ஒரே கதவை முத்திரையிட்டுவிட்டபடியால் என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் நிறைய எழுதினேன். ஒவ்வொரு வரியும் உண்மை. திரும்பப் படித்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அதை வாங்கிப் படிக்கிற மாதிரி தோன்றியது. முத்திரையே வைக்கத் தெரியாதவருக்குப் பறவை மட்டும் எப்படி ராஜாளி என்று தெரிந்தது என்று கேட்பார். கேட்டால் நான் என்ன சொல்வது?

நகலைக் கிழித்துப் போட்டேன். மனதார இல்லை, வயிற்றெரிச்சலோடுதான் கிழித்தேன். புதிதாக எழுதினேன். பறவையை மாற்றியதாக யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காக, கைப்பற்றிய அதிகாரி கூண்டையே சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்டார். அந்த முத்திரை இன்றுவரை உடைக்கப்படவில்லை. இதுவும் உண்மைதான். ஒரே அரக்கு. முதல் நகலில் அது முட்டாள்தனம், இரண்டாவதில் முன்யோசனை.

மாஜிஸ்திரேட் கோர்ட் முற்றத்துக்கே இறங்கி வந்தார். கூண்டை ஒரு தள்ளுவண்டியில் நிறுத்தியிருந்தோம். குனிந்து அரக்கைப் பார்த்தார். சாட்சிகளைக் கூப்பிட்டு, “இது நீங்கள் பார்த்து வைத்த முத்திரைதானா?” என்று கேட்டார். மாஜிஸ்திரேட்டே நேரில் நின்று கேட்கும்போது சாய எங்கே இடம்? ஆமாம் என்றார்கள். கூண்டுக்குள் இருப்பது ராஜாளி என்று மருத்துவர் சொன்னார். பருந்து வாதம் அந்த முற்றத்திலேயே முடிந்தது. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, “கூண்டை முத்திரையிட்டது யார்?” என்று கேட்டார். அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தான்.

“இவ்வளவு எச்சரிக்கையான கைப்பற்றலை நான் பார்த்ததில்லை” என்றார் மாஜிஸ்திரேட். உத்தரவிலும் அதை எழுதச் சொன்னார். மேலதிகாரி அவன் தோளைத் தட்டினார்.

அவன் என்னிடம் வந்து காதோரமாக, “பாத்தீங்களா அண்ணே, அன்னிக்கு நீங்க தீனி எப்படிப் போடறதுன்னு கேட்டீங்களே? சீல் வெச்சது எவ்ளோ கரெக்டாப் போச்சு!” என்றான். கேலி இல்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “உனக்கென்னப்பா, கைராசிக்காரன்” என்றேன்.

வழக்கு பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணைக்காரருக்குச் சிறையும் அபராதமும் கிடைத்தன. மேல்முறையீட்டில் சிறைக்காலம் குறைந்தது, குற்றம் குற்றமாகவே நின்றது. தளேகாவ் சுற்று வட்டாரத்தில் கம்பங்கள் இறங்கின. கோழிகளுக்கு மேலே வலை ஏறியது. அவரே பிற்பாடு நல்ல வலை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் வந்து கேட்டார். சட்டம் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான்.

பறவையை விடுகிற நாளுக்கு வருகிறேன். பிடித்த இடத்துக்குப் பக்கத்து மலைச் சரிவில், மாஜிஸ்திரேட்டின் ஆள் ஒருவர் முன்னிலையில் விட வேண்டும் என்பது உத்தரவு. கைப்பற்றிய அதிகாரி அடையாளம் காட்டி, அவர் கையாலேயே விட வேண்டும் என்றும் இருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். அன்று காலையில் கடைசித் தீனியை நான்தான் கொடுத்தேன். அது வழக்கம்போலச் சந்துக்குப் பக்கத்தில் வந்து நின்று வாங்கிக்கொண்டது.

பறக்குமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. இறகு ஒடிந்த இறக்கை அதன் எடையைத் தாங்காவிட்டால், அது இனி வாழ்நாள் முழுக்கக் கூண்டில்தான். அவன் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பறவையை வெளியே எடுத்தான். எடுக்கத் தெரியாமல்தான் எடுத்தான், ஆனாலும் அது அவன் கையில் அழகாக அமைந்தது. கேமரா சொடுக்கியது. அவன் சரிவின் விளிம்புக்குப் போய்க் கையைத் தாழ்த்தி விட்டான்.

பறவை புல்லில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாஜிஸ்திரேட்டின் ஆள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவன் இரண்டடி பின்னால் வந்து, கைகளைக் கோத்து, தலையைக் குனிந்துகொண்டான். ஜெபம் செய்கிறானா, இல்லை கேமராவுக்காகச் செய்கிறானா? எனக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டியிருந்தது. அவன் உதடு அசைகிறதா என்று உற்றுப் பார்த்தேன். அந்த முகத்தில் நடிப்பின் ஒரு சுருக்கமாவது தெரிந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஒன்றுமே தெரியவில்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. தினமும் தீனி போட்டவன் நான், எனக்கு ஏன் வரவில்லை என்று.

திடீரென்று எல்லோரும் ஆ என்றார்கள். அவன் தலை நிமிர்ந்தது, முகம் மேலே போய் ஒரு வட்டம் சுற்றியது, நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சரிவில் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் மலை முகட்டைக் காட்டிக் கை நீட்டினார்கள். அங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை.

“பாத்தீங்களா அண்ணே! பாத்தீங்களா!” என்று அவன் என்னைக் கட்டிக்கொண்டான். பார்த்தேன் என்றேன்.

திரும்பும்போது ஜீப்பில் அவன் வாய் ஓயவில்லை. மொதல்ல ரெண்டு துள்ளல், அண்ணே. விழுந்துடுச்சுன்னே நெனச்சேன். அப்புறம் பள்ளத்துலேந்து காத்து வந்துச்சு பாருங்க, அது ரெக்கைய அடிக்கவே இல்லே, சும்மா விரிச்சு வெச்சுது, காத்தே தூக்கிக்கிட்டுப் போச்சு. ஒரு வட்டம் நம்ம தலைக்கு மேலயே போட்டுச்சு, ஒடைஞ்ச வால் கூடத் தெரிஞ்சுது. அவன் கையை விரித்து விரித்துக் காட்டினான். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள் காலடி வைத்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். இத்தனை வாரமும் கறி நறுக்கிக் கொடுத்தவள், அந்தப் பறவையை ஒரு தடவைகூடப் பார்க்காதவள்.

“பறந்திச்சா?”

“பறந்திச்சு.”

“எப்படிப் பறந்திச்சு? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க.”

முதலில் இரண்டு துள்ளல் என்றேன். விழுந்துவிட்டது என்றே நினைத்தேன் என்றேன். பள்ளத்திலிருந்து வந்த காற்றைச் சொன்னேன், விரித்துவைத்த இறக்கையைச் சொன்னேன், தலைக்கு மேலே போட்ட வட்டத்தையும் ஒடிந்த வாலையும் சொன்னேன். கையைக்கூட அவனைப் போலவே விரித்துக் காட்டினேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லச் சொல்ல எனக்கு நேருல பாத்த மாதிரியே இருக்கு” என்றாள்.